பாடியவருக்கு விருது, மெட்டுப் போட்டவருக்கு?

கேள்வி – 3 ஓகஸ்ட் 2025

கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். நேற்று முன்தினம் அறிவிக்கப்பட்ட இந்தியாவின் 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் 'வாத்தி' படத்தின் பாடல்களுக்காக ஜி. வி. பிரகாஷ் குமாருக்கு ஒரு விருதும், இந்திப் படமொன்றின் பின்னணி இசைக்காக வேறொருவருக்கு இன்னொரு விருதும் கிடைத்திருக்கின்றன. திரைப்பட இசையை இப்படி இரண்டாகப் பிரிப்பது சரியா? எம். எஸ். விஸ்வநாதனுக்கு ஒரு தடவைகூடத் தேசிய விருது கொடுக்காத ஒரு முறைமையை நாம் ஏன் இன்னும் ஆண்டுதோறும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

பதில் – 3 ஓகஸ்ட், இரவு

பிரிப்பது சரி என்பதே என் எண்ணம். பாட்டு என்பது படத்தை விட்டு வெளியே வந்து தன் காலில் நிற்கக்கூடியது. பின்னணி இசை அப்படியன்று. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் பாட்டுத்தான் எப்போதும் வெல்லும். இதை நான் ஏட்டறிவால் சொல்லவில்லை. உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் இருந்த வானொலிப் பெட்டியில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் சொல்லிப் பாட்டைப் போடுவார்கள். அந்தப் படம் எங்கள் ஊர்ப் படமாளிகைக்கு வந்து சேர்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். சில படங்கள் வராமலே போயின. ஆகவே இசையமைப்பாளர்களை நான் படம் பார்க்காமலே அறிந்து, படம் பார்க்காமலே தரம் பிரித்தவன். பின்னாளில் அந்தப் படங்களைப் பார்த்தபோது, பாடல்களுக்கு இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அதே மனிதர் வேறொரு வேலையைச் செய்திருப்பதைக் கண்டு வியந்தேன். அந்த வேலைக்கென்று ஒரு விருது தனியாக வேண்டும். 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான 57ஆவது விருதுகளில் அது வந்தது. 'பழசிராஜா' படத்தின் பின்னணி இசைக்காக இளையராஜா அதைப் பெற்றார்.

விஸ்வநாதனைப் பற்றிய கேள்விக்கு ஒரு பாதி விடைதான் என்னிடம் உண்டு. இசையமைப்புக்கான தேசிய விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே தொடங்குகிறது. அதை முதலில் பெற்றவர் 'கந்தன் கருணை' படத்துக்காகக் கே. வி. மகாதேவன். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்த காலமோ 1965இல் முடிந்துவிட்டது. நாங்கள் இன்றும் முணுமுணுக்கும் பாடல்களில் பெரும்பங்கு, பரிசு என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னரே பிறந்தவை. ஆனால் அதற்குப் பிறகும் அவர் பல ஆண்டுகள் ஓயாமல் இசையமைத்தார் அல்லவா? அதற்கு விடை இன்று என்னிடம் இல்லை.

5 ஓகஸ்ட்

ஒரு திருத்தம். பின்னணி இசைக்கான தனி விருது 2009இல்தான் முதன்முதலாக வந்தது என்ற பொருள்பட எழுதிவிட்டேன். மலையாள இசையமைப்பாளர் ஜோன்சன், 1994ஆம் ஆண்டுப் படமான 'சுக்ருதம்' படத்தின் பின்னணி இசைக்காக அதை முன்னரே பெற்றிருக்கிறார். அதே ஆண்டில் அதே படத்தின் பாடல்களுக்காக ரவியும் கௌரவிக்கப்பட்டார். பிறகு அந்தப் பிரிவு நின்றுபோய், 2009இல் மீண்டும் வந்து நிலைத்தது. ஜோன்சனை மறந்ததற்கு வருந்துகிறேன். பின்னணி இசையைப் பற்றிப் பேச வந்தவன் மறக்கக்கூடாத பெயர் அது.

9 ஓகஸ்ட்

நடுவர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தேசிய விருது நடுவர்களின் அறைக்குள் நான் இருந்ததில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் திருகோணமலையில் நடந்த ஒரு குறும்படப் போட்டியில் மூன்று நடுவர்களில் ஒருவனாக, இசைக்குப் புள்ளியிடும் பொறுப்போடு இருந்தேன். அன்று நான் செய்த பிழை இன்றும் என்னை விடவில்லை. ஆகவே அதை முழுவதாகச் சொல்கிறேன்.

இறுதிச் சுற்றுக்கு இரண்டு படங்கள் வந்தன. முதலாவது, வெளிநாடு போகப் புறப்படும் ஒரு பிள்ளையின் கடைசி நாளைப் பற்றியது. தொடக்கம் முதல் முடிவு வரை வயலின் கூட்டமும் கொம்பு வாத்தியங்களும் அலையலையாக எழுந்து விழுந்தன. பிள்ளை படலையைத் திறக்கும்போது இசை உச்சத்துக்குப் போயிற்று. மண்டபத்தில் சிலர் அழுதார்கள். இரண்டாவது, சல்லி என்ற ஊரின் கரையில் கணவனின் வள்ளத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய 14 நிமிடப் படம். அதில் பன்னிரண்டரை நிமிடம் இசையே இல்லை. கடல், காகம், தொலைவில் ஒரு இயந்திரப் படகு, அவ்வளவுதான். கடைசி ஒன்றரை நிமிடத்தில் ஒற்றை வயலின் ஒன்று, மெட்டு என்று சொல்ல முடியாத நாலைந்து சுரங்களை இழுத்துவிட்டு நின்றது.

இசைக்குப் பத்துப் புள்ளி. முதற் படத்துக்கு ஒன்பது இட்டேன், இரண்டாவதற்கு நான்கு. 'இசையின் பயன்பாடு போதாது' என்று குறிப்பும் எழுதினேன்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு, என்னிடம் படித்த ஒரு பிள்ளை தன் கணினியில் இருந்த ஆயத்த இசைத் தொகுப்பொன்றைப் போட்டுக் காட்டினாள். பத்துச் செக்கனில் எனக்கு வியர்த்துவிட்டது. பரிசு பெற்ற படத்தின் அந்த வயலின் கூட்டமும் கொம்புகளும், ஒரு சுரமும் பிசகாமல், அங்கே இருந்தன. யாரும் எவரையும் ஏமாற்றவில்லை. அந்தப் பிள்ளைகள் முறைப்படி பணம் கட்டி வாங்கிய இசை அது. எங்கள் விண்ணப்பப் படிவத்தில் 'இசை' என்ற சொல்லுக்கு எதிரே ஒரு கோடு இருந்தது. அவர்கள் அதில் ஒரு பெயரை எழுதினார்கள். இதை யார் ஆக்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

10 ஓகஸ்ட்

பரிசைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டாமா என்ற கேள்விக்கு: இல்லை. கேட்காத கேள்விக்குத் தண்டனை கொடுக்க முடியாது. என் பிழை அங்கே அன்று. இசை எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே போயிருந்தாலும், சல்லிப் படத்துக்கு நான்கு புள்ளி இட்டது பிழைதான்.

17 ஓகஸ்ட்

இசையை யார் ஆக்கினார் என்று ஒஸ்காரில் கேட்கிறார்களா என மூதூர் நண்பர் எழுதியிருந்தார். கேட்கிறார்கள், அதற்கென்று வடுவும் உண்டு. 1973இல் 'த கோட்பாதர்' படத்தின் இசைக்காக நீனோ ரோட்டா பரிந்துரைக்கப்பட்டார். அந்தப் படத்தின் முக்கியமான மெட்டை, 1958இல் வந்த 'போர்துனெல்லா' என்ற இத்தாலியப் படத்தில் அவரே வேறொரு துள்ளல் நடையில் பயன்படுத்தியிருந்தார் என்பது வெளிவந்ததும் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மெட்டும் ஒலிக்கும் இரண்டாம் பாகத்துக்காக, கார்மைன் கொப்பலாவுடன் சேர்ந்து அவர் ஒஸ்காரைப் பெற்றார். தன் சொந்த மெட்டை எடுத்து ஆண்டவருக்கு அந்தக் கண்டிப்பு. பிறர் இசையை எடுத்து ஆண்டவர்களுக்கு நான் ஒன்பது புள்ளி கொடுத்தேன். இப்போது அங்கே விதி இன்னும் துலக்கமாக இருக்கிறது. படத்தின் இசையில் குறைந்தது 35 சதவீதம் அந்தப் படத்துக்கென்றே ஆக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தொடர்படமாக இருந்தால் 80 சதவீதம். எந்த இடத்தில் எந்த இசை, யாருடையது என்ற பட்டியலையும் கொடுக்க வேண்டும்.

அவர்களும் தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. 1934ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முதலாக இசை விருது கொடுத்தபோது, அது இசையை ஆக்கியவருக்குப் போகவில்லை. படநிறுவனத்தின் இசைப்பிரிவுத் தலைவரின் கைக்குப் போயிற்று. சில ஆண்டுகள் அப்படியே நடந்தது. உழைத்தவன் ஒருவன், மேடையேறுபவன் ஒருவன் என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று.

24 ஓகஸ்ட்

முதல் நாளில் விடுபட்ட, விஸ்வநாதனைப் பற்றிய மற்றப் பாதி விடை இன்று அகப்பட்டது என்று நினைக்கிறேன்.

தேசிய விருது பெற்ற தென்னிந்தியப் படங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 'கந்தன் கருணை' பக்திப் படம். மகாதேவனுக்கு மீண்டும் விருது வாங்கிக் கொடுத்த 'சங்கராபரணம்' ஒரு கர்நாடக இசைப் பாடகரின் கதை. இளையராஜாவின் முதல் மூன்று விருதுகளைப் பாருங்கள்: 'சாகர சங்கமம்', அதாவது நாங்கள் 'சலங்கை ஒலி' என்று பார்த்த படம், ஒரு நடனக் கலைஞனின் கதை, 'சிந்து பைரவி' ஒரு பாடகரின் கதை, 'ருத்ரவீணா' ஒரு இசைக் குடும்பத்தின் கதை. வித்யாசாகருக்கு விருது பெற்றுத் தந்த 'ஸ்வராபிஷேகம்' படமும் இசைக்கலைஞர் வீட்டுக் கதைதான். கதைக்குள் வீணையோ தம்புராவோ சலங்கையோ இருந்தால்தான், படத்தில் இசை இருக்கிறது என்று நடுவர்களின் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இசைகளின் தகுதியை நான் குறைக்கவில்லை, ஒவ்வொன்றும் தகுதியானது. ஆனால் மெல்லிசை மன்னர் என்ற பட்டத்தைச் சுமந்தவர் இந்த வாசலுக்குள் எப்படி நுழைவார்? அவர் இசை தன்னைச் சாஸ்திரம் என்று அறிவித்துக்கொண்டு வருவதில்லை. இரண்டு பேர் பேசிக்கொள்வதைப் போல வரும். ராகம் எங்கே தொடங்கி எங்கே கலைகிறது என்பது கேட்டு முடிந்த பிறகுதான் தெரியும்.

இதைவிட வலிக்கும் ஒன்றும் அகப்பட்டது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதன்முதலாகப் பெற்றவர் பி. சுசீலா, 1968இல் 'உயர்ந்த மனிதன்' படத்தில் பாடிய பாட்டுக்காக. வாணி ஜெயராம் 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்துக்காகப் பெற்றார். இரண்டு படங்களுக்கும் இசை விஸ்வநாதன். அவர் போட்ட மெட்டைப் பாடியவர்களுக்கு விருது கிடைத்திருக்கிறது. மெட்டைப் போட்டவருக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கேள்வி-பதில் இழையின் தலைப்பை இன்று மாற்றியதற்குக் காரணம் இதுதான்.

25 ஓகஸ்ட்

'ரோஜா' உங்கள் கணக்குக்குள் அடங்கவில்லையே என்று கிண்ணியா நண்பர் சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மை, அடங்கவில்லை. 1992ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் 'தேவர் மகன்' படத்துக்காக இளையராஜாவும், 'ரோஜா' படத்துக்காக முதற்படக்காரரான ஏ. ஆர். ரஹ்மானும் சம வாக்குகளில் நின்றார்கள். நடுவர் குழுவின் தலைவராக இருந்த பாலு மகேந்திரா தன் வாக்கை ரஹ்மானுக்கு அளித்தார். அவர் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர், எங்கள் கிழக்கு மண்ணின் மனிதர். 'மூடுபனி' தொடக்கம் அவர் படங்களுக்கு இசையமைத்து வந்தவர் இளையராஜா. தன் படங்களின் இசையமைப்பாளரைத் தாண்டி, அறிமுகமே இல்லாத ஒரு இளைஞனுக்குக் கையை உயர்த்துவதற்கு எவ்வளவு திடம் வேண்டும் என்பதை, ஒன்பதும் நான்கும் இட்ட என் கைக்குத் தெரியும். விதிவிலக்கு விதியை உடைத்துவிடாது. ஆனால் ஒரு நடுவர் தன் பழக்கத்தை மீறிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

6 செப்டெம்பர்

தொலைக்காட்சி இசையைப் பற்றி ஏன் எவரும் பேசவில்லை? இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது எங்கள் ஒழுங்கையில் தொலைக்காட்சி இருந்தது ஒரே ஒரு வீட்டில். அந்த வீட்டு முற்றத்திலிருந்து ஒரு தொடரின் முகப்பு இசை எழும்போது, அதைக் கேட்டே நாங்கள் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடுவோம். திரைப்படப் பாட்டைவிட அதிக தடவை கேட்ட இசை அது. அதை ஆக்கியவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அண்மைக்கால விருதுகளில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தவர் ஐஸ்லாந்துப் பெண்மணி ஹில்தூர் குத்னாதோத்திர். 2019இல் 'செர்னோபில்' தொலைக்காட்சித் தொடருக்காக எம்மி விருதையும், அடுத்த ஆண்டு 'ஜோக்கர்' படத்துக்காக ஒஸ்காரையும் பெற்றவர். 'செர்னோபில்' தொடருக்காக அவர் லித்துவேனியாவில் மூடப்பட்ட ஒரு அணுமின் நிலையத்துக்குள் போய், அங்குள்ள இயந்திரங்கள், கதவுகள், வெற்று மண்டபங்கள் ஆகியவற்றின் ஓசைகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்தே இசையை ஆக்கினார். வாத்தியம் எங்கே, மெட்டு எங்கே என்று அந்த நடுவர்கள் கேட்டிருந்தால் அவருக்கும் நான்கு புள்ளிதான் விழுந்திருக்கும். இதைப் படித்த அன்று இரவு, சல்லிப் படத்தின் கடலைப் பற்றி நினைத்துக்கொண்டே கிடந்தேன். அந்தக் கடல் ஓசை சும்மா அகப்பட்டதாகத்தான் அன்று நினைத்தேன். அது தேர்ந்தெடுக்கப்பட்டதா என்று கேட்கவேயில்லை.

14 செப்டெம்பர்

எங்கள் நாட்டு விருதுகளைப் பற்றிச் சுருக்கமாக. சரசவிய விருதுகள் 1964இல் தொடங்கின. ஜனாதிபதி திரைப்பட விருதுகள் 1979இல். அமரதேவ, பிரேமசிறி கேமதாச போன்ற பெரும் இசையமைப்பாளர்களைச் சிங்களத் திரை தந்தது. தமிழரான ஆர். முத்துசாமியும் சிங்களப் படங்களுக்கு இசையமைத்துப் பெயர் பெற்றவர். அவரை நம்மவர்கள் இன்னும் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் மனக்குறை. ஈழத்துத் தமிழ்ப் படங்களோ, ஆண்டுக்கொரு விருது கொடுக்கும் அளவுக்குத் தொடர்ச்சியாக வந்ததில்லை. படம் இல்லாத ஆண்டில் எந்தப் படத்துக்கு விருது கொடுப்பது? ஆகவே இங்கே கௌரவம் என்பது பொன்னாடையாகவும் சந்தன மாலையாகவும் மேடையில் விழுகிறது. எந்த இசைக்காக என்று ஒருவரும் சொல்வதில்லை. பொன்னாடை போர்த்தும்போது அந்தக் கலைஞர் ஆக்கிய ஒன்றை இரண்டு நிமிடம் ஒலிக்க விட்டால் என்ன?

28 செப்டெம்பர்

முதல் நாள் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். பிரிப்பது சரி என்ற உறுதி இப்போது என்னிடம் இல்லை.

'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தைச் சென்ற வாரம் மீண்டும் பார்த்தேன். 2002ஆம் ஆண்டுப் படங்களில் ரஹ்மானுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது அது. விருது பிரிக்கப்படாத காலம். எங்கள் போரைப் பின்புலமாகக் கொண்ட படம் என்பதால், வெளிவந்த காலத்தில் அதை அமைதியாகக் கேட்கும் மனநிலை எனக்கு இருக்கவில்லை. இந்த முறை காதை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தேன். தலைப்புப் பாட்டை ஒருமுறை பெண் குரலிலும் ஒருமுறை ஆண் குரலிலும் பாடவைத்திருக்கிறார். முதலில் கொண்டாட்டமாகக் கேட்டது மறுமுறை வேறொரு பாரத்தோடு வருகிறது. இதில் எது பாட்டு, எது பின்னணி? பாட்டாகப் பிறந்த மெட்டு கதைக்குள் போய் அர்த்தம் மாறித் திரும்புவதுதான் இந்தக் கலையின் உயிர். நெசவில் ஊடு வேறு, பாவு வேறு. ஆனால் சேலைக்கு விலை சொல்லும்போது இரண்டையும் உருவிப் பார்த்தா சொல்கிறோம்?

2017ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் ரஹ்மானுக்கே இரண்டும் கிடைத்தன: பாடல்களுக்கு 'காற்று வெளியிடை', பின்னணி இசைக்கு 'மொம்'. ஒரே மனிதர், ஒரே ஆண்டு, இரண்டு படங்கள். இரண்டுமே தகுதியானவை என்றாலும், ஒரு படத்தின் முழு இசையை ஆக்கியவர் என்ற கௌரவம் இந்தப் பிரிப்பில் யாருக்குமே கிடைக்காமல் போகிறது. பிரித்தால் பின்னணி இசைக்குக் காது கிடைக்கிறது. பிரிக்காவிட்டால் முழுமைக்குக் கிடைக்கிறது. முழுமைக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்பதே இப்போதைய என் நிலை. நாளை இதையும் மாற்றலாம்.

12 ஒக்டோபர்

விஸ்வநாதனும் இத்தாலிய இசையமைப்பாளர் எனியோ மொரிக்கோனேயும் ஒரே ஆண்டில், 1928இல், பிறந்தவர்கள். மொரிக்கோனேயும் பல பரிந்துரைகளில் தோற்றவர். 2007இல் அவருக்கு வாழ்நாள் பணிக்கான கௌரவ ஒஸ்காரைக் கொடுத்தார்கள். அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2016இல், தம் 87ஆவது வயதில், 'த ஹேட்ஃபுல் எய்ட்' படத்துக்காகப் போட்டியிலேயே வென்றார். விஸ்வநாதன் 2015 ஜூலையில் காலமானார். 2012இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா அவரையும் ராமமூர்த்தியையும் ஒரே மேடையில் கௌரவித்துத் 'திரை இசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தை அளித்தது ஒரு ஆறுதல்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் அரச விழாக்கள் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குகின்றன. அதற்கு மெட்டமைத்தவர் விஸ்வநாதன். அங்கே கலைஞர்களுக்கு விருது வழங்கும் மேடைகளிலும் எல்லோரும் முதலில் எழுந்து நிற்பது அவர் இசைக்குத்தான்.

2 நவம்பர்

வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டன. சல்லியில் வள்ளங்களைக் கரையேற்றிவிட்டார்கள். குறும்படப் போட்டியை மீண்டும் நடத்தப்போவதாகவும், நடுவராக வர வேண்டும் என்றும் போன மாதம் கேட்டார்கள். வருகிறேன், ஆனால் படிவத்தை நான் எழுதித் தருவேன் என்றேன்.

அதற்கு முன் சல்லிப் படத்தை எடுத்த தம்பியைத் தேடிப் போனேன். இப்போது நகரத்தில் ஒரு ஒளிப்பட நிலையத்தில் வேலை செய்கிறார். நான்கு புள்ளி இட்டவன் நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அந்தப் புள்ளி நினைவில் இருந்தது. குறிப்பும் நினைவில் இருந்தது. கடலைப் பற்றிக் கேட்டேன். அது நான்கு வெவ்வேறு அதிகாலைகளில் பதிவு செய்யப்பட்டது என்றும், காற்று விழுந்திருந்த ஒரு நாளின் ஓசையை மட்டும் கடைசிக் காட்சிக்கு வைத்ததாகவும், வயலின் வாசித்த அக்கா முதலில் படம் முழுவதற்கும் வாசித்திருந்ததாகவும், அவரே இருந்து கேட்டு ஒவ்வொன்றாக எடுத்துவிடச் சொன்னதாகவும் சொன்னார். பன்னிரண்டரை நிமிட மௌனத்தை ஒரு வயலின்காரி ஆக்கியிருக்கிறார். அதைத்தான் நான் 'பயன்பாடு போதாது' என்று எழுதினேன்.

படிவத்தில் நான்கு புதிய நிரல்கள் சேர்த்துக் கொடுத்தேன். இசை ஒலிக்கும் இடங்களும் நேரமும். ஒவ்வொன்றையும் ஆக்கியவர், வாசித்தவர். வேறிடத்திலிருந்து எடுத்ததாயின் எங்கிருந்து. இசை வேண்டாம் என்று தீர்மானித்த இடங்களும் காரணமும். முதல் மூன்றையும் குழுவினர் ஏற்றுக்கொண்டார்கள். நாலாவது பிள்ளைகளைக் குழப்பும் என்று எடுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது. அந்த நிரலைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்கப் போகிறேன், வயலின் வாசித்த அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு.